எஞ்சினுக்கும் தாகம் உண்டு

வெயிலில் நடந்து வந்தவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுப்பது நம் வழக்கம். ஓடி உழைக்கிற எஞ்சினுக்கும் அப்படி ஒன்று வேண்டியிருக்கிறது. எரிகிற டீஸலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் படகைத் தள்ளுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தை யாராவது வாங்கிக்கொண்டு போகாவிட்டால், எஞ்சின் தன் சூட்டிலேயே இறுகி நின்றுவிடும். மோட்டார் காருக்கு ரேடியேட்டர் இருக்கிறது, எதிர்க்காற்றும் இருக்கிறது. படகின் அடித்தட்டில் அடைந்து கிடக்கும் எஞ்சினுக்குக் காற்று ஏது? சுற்றிலும் இருக்கிற கடல்தான் கதி.

ஆனால் கடல் இருக்கிறதே, அது உதவிக்கென்று வந்து தங்கி, வீட்டுப் பெட்டியையும் காலி செய்கிற உறவினர் ரகம். உப்பு நீரை நேரே எஞ்சினுக்குள் விட்டால் இரும்பை அரிக்கும். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் உள்ளே உப்பு படிய ஆரம்பிக்கும். ஆகவே பல படகுகளில் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றுகிறது. கடல் நீர் பக்கத்துக் குழாய்களில் ஓடி, அதன் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. உறவினரைத் திண்ணையோடு உபசரித்து அனுப்புகிற சாமர்த்தியம்!

ஒரு நாவலுக்காக ராமேஸ்வரம் துறைமுகத்தில் சில நாள் சுற்றினேன். மீன்பிடித் தடைக் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எஞ்சின்களுக்கு வைத்தியம் நடப்பது அப்போதுதான். முப்பது வருஷம் படகு ஓட்டிய பெரியவர் ஒருவர், பம்பைத் திறந்து சின்ன ரப்பர்ச் சக்கரம் ஒன்றை வெளியே எடுத்தார். பார்வைக்கு ஒரு கறுப்புப் பூ. கடல் நீரை இழுத்து உள்ளே தள்ளுவது அதுதான். இம்பெல்லர் என்று பெயர்.

"தண்ணி இல்லாம கொஞ்ச நேரம் சுத்தினாப் போதும் ஸார், கருகிப் போயிரும்" என்றார்.

அதில் ஓர் இதழ் பிய்ந்திருந்தது. பெரியவர் புதியதை எடுக்கவில்லை. குழாய் குழாயாகக் கழற்றி, பிய்ந்த துண்டைத் தேடிப் பிடித்தார். நகத்தளவு துண்டுதான், அது குழாயை அடைத்துக்கொண்டால் எஞ்சினே போய்விடும். புதிய இம்பெல்லரை அப்போதும் மாட்டாமல் பெட்டியில் வைத்தார். ஓடாமல் கிடந்தால் இதழ்கள் மடங்கினபடியே நின்றுவிடுமாம். கடலுக்குப் போகிற அன்றுதான் மாட்டுவாராம்; உபரியாக ஒன்று கையிலும் இருக்குமாம்.

அடுத்து, விரல் நீளத்தில் ஒரு துத்தநாகத் துண்டு. உப்பு நீரில் இரண்டு உலோகங்கள் ஒட்டியிருந்தால் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும். துத்தநாகம் முந்திக்கொண்டு கரைந்து, செம்புக் குழாய்களைக் காப்பாற்றுகிறது. ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி 1824-ல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளுக்குச் சொன்ன உபாயம் இது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

"இது கரையவே இல்லையே, நல்லதுதானே பெரியவரே?" என்றேன், வேறொரு துண்டைக் காட்டி.

"அது வேலை செய்யலைன்னு அர்த்தம் ஸார். அதுக்குப் பதிலா வேற எதுவோ கரையுது."

ராமேஸ்வரத்தில் இதெல்லாம் வெறும் மெக்கானிக் சமாசாரம் அல்ல. இந்தியாவும் இலங்கையும் 1974-லும் 1976-லும் உடன்படிக்கை செய்துகொண்டு கடலில் எல்லைக் கோடு போட்டன. நீரோட்டத்துக்கு அந்தக் கோடு தெரியாது. எஞ்சின் நின்ற படகைக் காற்று இஷ்டம்போல் கொண்டுபோகும். பெரியவரின் மகன் அப்படிப் போனவன்தான். மூன்று மாதம் கழித்து வீடு திரும்பினான். கடலில் மிதந்த பிளாஸ்டிக் பை ஒன்று, தண்ணீர் இழுக்கும் துவாரத்தை அடைத்துக்கொண்டதுதான் காரணம். கடைத்தெருவில் நாம் வாங்கி வீசுகிறோமே, அதே பை!

அதனால் எஞ்சினைக் கிளப்பியதும் பெரியவர் முதலில் படகின் விலாப்புறத்தை எட்டிப் பார்ப்பார். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறதா? கையை நீட்டிச் சூடு பார்ப்பார். எஞ்சின் சத்தம் துறைமுகம் முழுக்கக் கேட்கும். தண்ணீர் விழுகிற சத்தத்துக்குக் காது கொடுப்பவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த முறை மீன்காரம்மாவிடம் பேரம் பேசும்போது, அந்த ரப்பர்ப் பூவின் விலையையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.