கேட்டு வாங்கிய கரண்ட்

எங்கள் அம்மாவின் அப்பா, அப்புச்சியின் தோட்டத்துக்குக் கரண்ட் வந்தது நான் பிறப்பதற்கு முன்னால். தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே, சுண்ணாம்புக் கல் விரவிய மேட்டுப்பூமி அது. கம்பம் நட வந்தவர்களுக்கு இடம் காட்டியது அப்புச்சிதான். குழியில் பாறை தட்டியபோது அவரே கடப்பாரையோடு இறங்கினாராம். வந்தவர்களுக்கெல்லாம் அம்மாயி கம்பஞ்சோறும் கொள்ளுப்பருப்பும் ஆக்கிப் போட்டாராம். கம்பி போகும் வழிக்காகக் கிளுவை வேலியை வெட்டி ஒதுக்கியதையும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் பனையைச் சாய்த்துக் கொடுத்ததையும் அப்புச்சி பெருமையாகத்தான் சொல்வார். "நாங்க கேட்டு வாங்குனது கண்ணு. மனுப் போட்டு, ஆபீசுக்கு நடையா நடந்து வாங்குனது."

இதைச் சொன்ன கையோடு பேச்சு, மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைத்த கவலைக்குப் போய்விடும். கோழி கூப்பிடும் முன்னே மாடு பூட்டியாக வேண்டும். வாரியில் இரண்டு மயிலை எருதுகள் இறங்க, வடம் இறுகி, பறி நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டே இறங்குவார். வெயில் ஏறும் வரை இறைத்தாலும் சில பாத்திகள்தான் நனையும். அந்தப் பாட்டை அப்புச்சி எனக்குப் பாடிக் காட்டியிருக்கிறார். மெட்டு மட்டும் இன்னும் நினைவிருக்கிறது, சொற்கள் போய்விட்டன.

நான் பார்த்தது மோட்டார் காலத்தை. முழுப்பரீட்சை லீவுக்குப் போனால் எங்களுக்குப் படுக்கை மோட்டார் கொட்டாய்க்கு முன்னால் போட்ட கயிற்றுக் கட்டில்தான். மும்முனைக் கரண்ட் முறை வைத்து வரும். பாதி நாட்கள் நடுச்சாமத்தில்தான் வரும். கொட்டாய்க்குள் குண்டு பல்பு எரிந்ததும் மாமா கட்டிலை விட்டுத் துள்ளி எழுந்து ஸ்டார்ட்டரைப் போடுவார். உள்ளே மோட்டார் ஒரு முக்கு முக்கிப் பிறகு சீராகும். குழாய் இருமிவிட்டுக் காற்றையும் தண்ணீரையும் கலந்து கக்கும். கிரீசும் ஈரமண்ணும் கலந்த அந்த வாசனை இப்போதும் எங்காவது மெக்கானிக் கடையைத் தாண்டும்போது என்னை நிறுத்திவிடுகிறது. மாமா மண்வெட்டியோடும் டார்ச் லைட்டோடும் மடை திருப்பப் போவார். நாங்கள் தொட்டியில் இறங்கி, குளிரில் பல் கிட்ட, குழாய்க்கு நேராக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். ஆயுத பூஜையன்று அம்மாயி மீட்டர் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அந்த வீட்டில் கரண்ட் விருந்தாளியாக வந்து வீட்டு ஆளாகத் தங்கிவிட்டது.

கொங்கு நாட்டுக்கே அந்தக் காதல் இருந்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியதும் கோவையில் நூற்பாலைகள் எழுந்தன. 1937-ல் அங்கேயே மின்மோட்டார் செய்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் வார்ப்படப் பட்டறை, கிணற்றுக்குக் கிணறு பம்புசெட் என்று ஆயிற்று. உழவர்கள் இந்தக் கரண்டுக்காக உயிரையும் கொடுத்தார்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்றபோது, 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். 1972-ல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரத்தை மறித்து நின்றன. அந்த வண்டிகளுக்குச் சோளத்தட்டு கட்டி அனுப்பியவர்களில் எங்கள் அப்புச்சியும் ஒருவர். சிறு உழவர்களுக்கு 1984-ல் கட்டணமே இல்லை என்று ஆனது. பிற்பாடு எல்லா உழவருக்கும் அப்படியே ஆனது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் சனம் அல்ல இது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னாளில் தங்கள் நிலத்தில் உயர்மின் டவர் வேண்டாம் என்று மறித்தவர்களை வளர்ச்சிக்கு விரோதிகள் என்று பலர் எளிதாகச் சொல்லிவிட்டார்கள்.

கரண்ட் வந்ததில் எல்லாமே நல்லதாக நடந்துவிடவும் இல்லை. மோட்டார் எங்கள் கிணறுகளைக் குடித்தது. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் அப்புச்சி கிணற்றின் படிகள் அடிவரை தெரிந்தன. உள்ளே இறங்கிப் பக்கவாட்டில் துளை போட்டார்கள், பிறகு மேலே போர் போட்டார்கள், பிறகு அதைவிட ஆழமாக இன்னொன்று போட்டார்கள். கிணற்றில் நீச்சல் பழகிய கடைசித் தலைமுறை எங்களுடையது. ஆனாலும் அந்தத் தப்பும் எங்கள் கையில் இருந்தது. எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது, எந்த வயலுக்குப் பாய்ச்சுவது என்பதெல்லாம் கொட்டாய்க்குள் இருந்த ஒரு சுவிட்சில் முடிந்தது.

இப்போது மாமா காட்டின் மேலே போகிற கம்பிக்கு அங்கே சுவிட்ச் கிடையாது. ஒருநாள் வரப்புக் கல்லில் சிவப்புப் பெயிண்ட் இருந்தது. பிறகு அளக்க ஆட்கள் வந்தார்கள். 400 கிலோவோல்ட் பாதை. அதற்கு 46 மீட்டர் அகலம் வேண்டும். அந்த அகலத்துக்குள் தென்னை நிற்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது. போர் வண்டியின் கோபுரத்தை அங்கே நிமிர்த்த முடியாது என்பதால் புதுப் போரும் இல்லை. நிலம் மாமா பெயரிலேயே இருக்கிறது, பட்டா அவரிடம், தீர்வையும் அவர்தான் கட்டுகிறார். விலைக்குக் கேட்டு வருகிறவர்கள் மட்டும் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நிலத்தை எடுத்துக்கொள்ளாமலேயே அதன் மேல் இப்படிப் போக வழி செய்கிற சட்டம் பழையது. 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்களை மின்பாதை போடுகிறவர்களுக்குக் கொடுக்க இடமளிக்கிறது. தந்திக் கம்பி ஒரு சின்ன மரத்தைத் தாண்டிப் போன காலத்தில் எழுதியது, இன்று தென்னந்தோப்பையே தாண்டுகிறது. 2015-ல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலின்படி, டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே உள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அவற்றை 200, 30 என்று உயர்த்தினார்கள். அதற்குள் கொங்குப் பக்கத்தில் பெரும்பாலான டவர்கள் எழுந்துவிட்டன.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து எங்கள் கொங்குப் பக்கத்துப் புகழூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை ஒன்று 1,700 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. 6,000 மெகாவாட் சுமக்கக் கூடியது. அதற்கு 69 மீட்டர் அகலம். புகழூரிலிருந்து அரசூர், இடையர்பாளையம், திருவலம் என்று 400 கிலோவோல்ட் பாதைகள் கிளை பிரிகின்றன. 2018-ல் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் உழவர்கள் வயலிலேயே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். டிசம்பரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். கம்பிக்குக் கீழே நின்று டியூப் லைட்டைக் கையில் பிடித்தார்கள். ஒயர் எதிலும் மாட்டாத அந்த லைட் மங்கலாக எரிந்தது. மாறுமின் பாதையின் கீழ் உள்ள மின்புலத்தால் அது நடக்கும். கேட்டது ஒன்றுதான்: சாலையோரமாகப் பூமிக்கடியில் கேபிளாகக் கொண்டு போங்கள். இயலாது, செலவு பல மடங்கு என்று பதில் வந்தது. அதே புகழூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் நேர்மின் பாதை, கேரளத்துக்குள் கடைசி 25 கிலோமீட்டருக்கு மேல் பூமிக்கடியில்தான் போகிறது. தூரமும் மின் அளவும் வேறு என்று பொறியாளர்கள் சொல்வார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே வழி தேடினார்கள், இங்கே உழவன் வழிவிட்டால் போதும் என்று இருந்துவிட்டார்கள் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் அடங்கவில்லை.

திருவலம் வட ஆற்காட்டுப் பக்கம், சென்னை போகிற திசை. சென்னைக்கு வெளியே சிறுசேரியில் நான் வேலை நிமித்தம் போகிறபோது ஜன்னலே இல்லாத பெரிய கட்டடங்களைப் பார்க்கிறேன். தரவு மையங்கள். 2021-ல் தமிழ்நாடு இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. மும்பைக்கு அடுத்து சென்னை என்று பெயர் எடுத்தாகிவிட்டது. பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்ததைப் பார்த்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கட்டடங்களுக்குக் கரண்ட் ஒரு நொடியும் நிற்கக் கூடாது. நின்றால் எடுத்துக்கொள்ள பேட்டரி அடுக்குகள், அவற்றுக்கும் பின்னால் டீசல் ஜெனரேட்டர்கள். ஆஸ்பத்திரிக் கணக்கும் வங்கிக் கணக்கும் என் பேத்தியின் படங்களும் அங்கே இருக்கின்றன என்று தெரியும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுச்சாமத்தில் குண்டு பல்பு எரியக் காத்துக் கிடந்த மாமாவின் முகம் அந்தச் சுவர்களுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் வந்துவிடுகிறது. முறை வைத்துக் கரண்ட் வாங்கியவர் காட்டின் மேலேதான், முறையே இல்லாமல் ஓடும் கரண்டுக்கான பாதைகள் போகின்றன.

அதனால் சொல்கிறேன்: ஒரே தடவை இழப்பீடு கொடுத்துக் கணக்கை முடிப்பது நியாயம் இல்லை. கம்பி நிற்கும் காலம் வரை, வருடா வருடம் வாடகை கொடுக்க வேண்டும். செல்போன் டவருக்கு மாடியை விட்டவர் மாத வாடகை வாங்குகிறார். காட்டையே விட்டவருக்கு ஏன் இல்லை?

டவரைப் பற்றி இவ்வளவு பேசினாலும், என்னை உறங்கவிடாதது வேறொன்று. அது கொறங்காடு. வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது வெறும் தரிசு. வருவாய்க் கணக்கிலும் அப்படித்தான் ஆகிவிடுகிறது. ஆனால் உழாமல் விட்ட அந்த மேய்ச்சல் காட்டை எங்கள் முன்னோர் எத்தனை கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்! சுற்றிலும் முள்கிளுவை வேலி. கொம்பை வெட்டி நட்டால் போதும், துளிர்த்து, பின்னி, வெள்ளாடுகூட நுழைய முடியாதபடி அடைத்துக்கொள்ளும். உள்ளே கொழுக்கட்டைப் புல். நல்ல மழை ஒன்று விழுந்தால் பத்து நாளில் பச்சை கட்டிவிடும். அங்கங்கே வெள்வேல மரங்கள். புல் காய்ந்துபோன கோடையில் அவற்றின் காய்கள் உதிரும், செம்மறியும் மாடும் அதைப் பொறுக்கித் தின்று தெம்பாகும். ஒரு காட்டில் புல் குறைந்தால் படலை அடைத்துவிட்டு அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். மேய்க்க ஆள் வேண்டியதில்லை. காலையில் படலைத் திறந்து விட்டால் மாலையில் மாடுகள் தாமாகவே படலுக்கு வந்து நிற்கும். காங்கேயம் மாட்டின் கால் உறுதியும் திமிலும் அந்தக் கல்லுக்காட்டில் நடந்து நடந்து வந்தவை. தொழுவத்தில் கட்டித் தீனி போட்டு அந்த உடம்பைக் கொண்டு வர முடியாது.

அந்தக் காட்டில்தான் அம்மாயி எனக்குக் கவுதாரியின் குரலைக் காட்டிக் கொடுத்தார். வெள்வேல நிழலில் தூக்குப்போசியைத் திறந்து கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்துவிட்டு, "சத்தம் போடாத சாமி, குஞ்சோட வரும்" என்பார். வரும். வரிசையாகப் புல்லுக்குள் ஓடும்.

முதலில் காற்றாடிகள் வந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று வீசுகிற பூமி என்பதால் தொண்ணூறுகளிலிருந்தே அவை வரத் தொடங்கின. காற்றாடி ஒரு மூலையில் நின்றுகொண்டு புல்லை விட்டுவைத்தது, மாடு அதன் அடியிலேயே மேய்ந்தது. சூரியத் தகடு அப்படி இல்லை. வேலியைப் பிடுங்கி, வெள்வேலத்தை அறுத்து, பொக்லைன் வைத்து மட்டமாக்கி, கம்பிவலை வேலி போட்டு, ராத்திரியும் விளக்கெரியக் காவல் வைக்கிறார்கள். விளைச்சல் நிலத்தைத் தொடவில்லை, தரிசில்தான் போடுகிறோம் என்று அவர்கள் சொல்வது காகிதத்தில் சரி. சூரிய மின்சாரம் வேண்டும் என்று நம்புகிறவன் நான். நிலக்கரியை விட அது ஆயிரம் மடங்கு மேல். அதற்கு ஆலைக் கூரைகள் இருக்கின்றன, திருப்பூரிலும் கோவையிலும் கண்ணுக்கெட்டும் தூரம் வரை இருக்கின்றன. முதலில் அங்கே போட்டிருக்கலாம்.

மாமா மகன் நாலு ஏக்கர் கொறங்காட்டைத் தகடுக்காரர்களுக்கு நீண்ட குத்தகைக்கு விட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழை பெய்தால்தான் வருமானம் என்றிருந்த பூமியில், மாதம் பிறந்தால் பணம். தங்கை கல்யாணக் கடன் அதில்தான் அடைந்தது. மாமா மட்டும் கையெழுத்துப் போடும் முன் என்னிடம் கேட்டார். "ஏம் மாப்ள, குத்தகை முடிஞ்சு காட்டத் திருப்பிக் குடுப்பாங்கல்ல, அப்ப புல்லு வருமா?" மட்டமாக்கின மண்ணில் கொழுக்கட்டைப் புல் தானாக வராதுங்க மாமா, விதை தூவி, சில மழை வரைக்கும் மாடு விடாமல் காக்க வேண்டும் என்றேன். "அதைச் செய்யறதுக்கு அப்ப ஆரு இருப்பா?" என்றார்.

போன சித்திரையில் கன்னபுரம் மாட்டுச் சந்தைக்கு மாமாவோடு போனேன். ஒரு காலத்தில் காளை வாங்கப் போகிற சந்தை. மூன்று நாளைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, வண்டிக்கடியில் படுத்துறங்கி, மாட்டின் பல்லையும் சுழியையும் பார்த்துப் பார்த்து விலை பேசுவார்கள் என்று அப்புச்சி சொல்வார். மாமா இந்த முறை விற்கப் போனார். மேய விட இடம் இல்லாமல் கட்டுத்தறியிலேயே நின்ற இரண்டு மயிலைக் கிடாரிகளையும் வெள்ளகோவில் பக்கத்துக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அவருக்கு இன்னும் ஆறு ஏக்கர் கொறங்காடு வேலி குலையாமல் இருக்கிறதாம். மாமா விலையில் இரண்டாயிரம் குறைத்துக்கொண்டார். கயிறு மாற்றும்போது வாங்கியவர் சொன்னார், போன மாதம் அங்கேயும் யாரோ வந்து வரப்புக் கல்லில் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.