இரு மாதிரி, ஒரு சட்டை

தையற்கலையில் எனக்குப் பெரும் புலமை உண்டென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நான் கல்லூரியிலே கணிதம் கற்பிப்பவள். கிழிந்த தலையணை உறையைத் தைப்பேன். அறுந்த பொத்தானைக் கட்டுவேன். அதற்கு மேல் எங்கள் வீட்டில் ஊசியும் நூலும் என் தாயாரின் ஆட்சிக்கு உட்பட்டவை. அத்தகைய நான் அண்மையில் ஒரு சட்டை தைக்கத் துணிந்தேன். அதுவும் ஒரு மாதிரியைப் பார்த்தன்று. இரண்டு மாதிரிகளை இணைத்து! அத்துணிவினால் விளைந்ததை இங்கே எழுதுகிறேன். தைக்கத் தெரிந்த சகோதரிகள் நகைக்கலாம். தெரியாத மாணவிகள் சிறிது பயன் பெறலாம்.

என் மூத்த மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. விடுதியில் அணிவதற்கும், மாலையில் கடைவரை போய் வருவதற்கும் ஏற்ற இலேசான பருத்திச் சட்டையொன்று வேண்டுமென்றாள். கடைகளில் தேடினோம். தோள் பொருந்தினால் இடுப்புப் பொருந்தவில்லை. இரண்டும் பொருந்தினால் துணி பிடிக்கவில்லை. அவ்வேளையில் இலண்டனிலிருந்து வந்த அவளுடைய மாமி, மெல்லிய தாளில் அச்சிட்ட மாதிரிக் கடதாசி ஒன்றைக் கொடுத்துப் போனார். அதிலிருந்த பாவாடைப்பகுதி மகளின் மனத்தைக் கவர்ந்துவிட்டது. இடுப்பைச் சுற்றிச் சுருக்கு. இரு பக்கமும் ஆழமான பொக்கற். பெண்களின் சட்டைக்குப் பொக்கற் வைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில் அது பெரும்பேறன்றோ! ஆனால் அதன் மேற்பகுதியோ மடிப்பொன்றுமின்றித் தொளதொளவென்றிருந்தது. மெலிந்த பிள்ளைக்கு அது சாக்கு மாட்டியதுபோல் இருக்கும்.

மேற்பகுதிக்கு வேறொரு மாதிரி எங்கள் வீட்டிலேயே இருந்தது. 2001இல் நான் பல்கலைக்கழகம் புகுந்தபோது, என் தாயார் என்னுடைய அளவுக்கென்றே பழைய பத்திரிகைத் தாளில் வெட்டிய மாதிரி அது. றங்குப்பெட்டியின் அடியில் சுருட்டிக் கட்டிக் கிடந்தது. அன்று நான் இருந்த அளவிலேயே இன்று என் மகள் இருக்கிறாள். மேலுக்கு அம்மம்மாவின் மாதிரி, கீழுக்கு மாமியின் மாதிரி என்று தீர்மானித்தோம்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். தைக்கத் தெரிந்த தாயார் வீட்டிலிருக்க, தெரியாத நான் ஏன் கத்தரிக்கோலை எடுத்தேன்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு என் தாயார் பேத்திக்கு ஒரு சட்டை தைத்தார். கண்பார்வை மங்கியிருந்த காலம். ஊசியில் நூல் கோக்க வருவோர் போவோரைக் கெஞ்சித் தைத்தது. மகள் அதை வாங்கி, நன்றி சொல்லி, அலுமாரியில் வைத்தாள். வைத்தது வைத்தபடியே இருந்தது. கழுத்து உயரமாம்; கை பழைய மோடியாம். தாயார் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒருநாள் மெசினுக்கு உறையைப் போட்டு மூடினார். அதன்பின் சரஸ்வதி பூசையன்று சந்தனப் பொட்டு வைப்பதற்கு மட்டுமே அந்த உறை நீங்கிற்று. நான் மகளையும் கண்டிக்கவில்லை, தாயாரையும் தேற்றவில்லை. இருவருக்கும் நல்லவளாக நடுவில் இருந்துகொண்டேன். ஆதலால், ‘அம்மா, இதை வெட்டித் தாருங்கள்’ என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

நிற்க. இரு மாதிரிகளை இணைப்பது எவ்வாறு என்பதைச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பது இடுப்புக்கோட்டில் மட்டுமே. மேலே எத்தனை வேறுபாடு இருப்பினும், கீழே எத்தனை வேறுபாடு இருப்பினும் குற்றமில்லை. அந்த ஒரு கோட்டில் ஒன்றுபட்டாற் போதும். முதலில் அணிபவரின் மார்பளவு, இடுப்பளவு, பிடரி எலும்பிலிருந்து இடுப்புவரையான நீளம் ஆகிய மூன்றையும் எடுத்தல் வேண்டும். அடுத்து, மாதிரியை அளக்கும்போது தாளின் விளிம்பிலிருந்து விளிம்புவரை அளத்தல் ஆகாது. தைத்து முடிந்தபின் மிஞ்சும் அளவையே எடுத்தல் வேண்டும். மார்புக்குக் கீழே உடலோடு பொருந்துவதற்காகப் பிடிக்கும் கூர்மடிப்புகளின் அகலத்தையும் கழித்துவிட வேண்டும். உடலளவுக்கு மேல் மூச்சுவிடவும், இருக்கவும், குனியவும் சிறிது தளர்ச்சி விடுதல் அவசியம். இறுதியாக, இரு பகுதிகளையும் துணியின் நெடுக்குநூல் ஒரே திசையில் ஓடும்படி வைத்து வெட்ட வேண்டும். தவறினால் முதற் சலவையில் ஒன்று ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் இழுக்கும்.

மகளின் இடுப்பளவு 68 சென்ரிமீற்றர். தாயாரின் மாதிரியில் கூர்மடிப்புகள் நீங்கலாக இடுப்பு 74. ஆறு சென்ரிமீற்றர் தளர்ச்சி. மிகப் பொருத்தம் என்று மகிழ்ந்தேன். பெரியகடையில் பூப்போட்ட சீத்தைத் துணி இரண்டரை மீற்றர் வாங்கி வந்தோம். சோக்கட்டியால் கோடிட்டு வெட்டினேன். அச்சு மாதிரியில், தையலுக்கு ஒன்றரை சென்ரிமீற்றர் ஓரம் சேர்க்கப்பட்டுள்ளது என்று குறித்திருந்தது. அவ்வளவையே மேற்பகுதிக்கும் பிடித்துத் தைத்தேன். பாவாடையைச் சுருக்கி மேற்பகுதியுடன் இணைத்தேன். சிறிதும் பிசகின்றிப் பொருந்திற்று. உட்புறம் துப்புரவாக இருக்கட்டுமென்று ஓரங்களையும் நறுக்கினேன். இனிக் கையும், கழுத்தும், இடப்பக்கத்துச் சிப்பும் மட்டுமே எஞ்சியிருந்தன.

மகள் போட்டுப் பார்த்தாள். சிப் வைக்கவேண்டிய இடத்தைக் குண்டூசிகளால் பிடித்தேன். நின்றால் அழகாகவே இருந்தது. “கதிரையில் இரு பிள்ளை” என்றேன். இருந்தாள். குண்டூசி இரண்டு தெறித்தன. இடுப்பும் இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்று மேலே ஏறி நின்றது. அளந்து பார்த்தேன். உடலும் 68, சட்டையும் 68. தளர்ச்சிக்கென்று இருந்த ஆறு சென்ரிமீற்றரும் எங்கேயோ மறைந்துவிட்டது.

கணித ஆசிரியைக்கு அந்த ஆறு எங்கே போயிற்றென்று விளங்கவில்லை. விறாந்தையில் இருந்த என் தாயார் எழுந்து வந்து, சட்டையின் பக்கத் தையலைக் கண்ணால் அன்று, விரலால் தடவிப் பார்த்தார்.

“ஓரம் விட்டு வெட்டினனியோ பிள்ளை?”

“மாதிரியில் இருக்கிறபடிதான் வெட்டினனான் அம்மா.”

“மாதிரியிலை ஓரம் இல்லை. அது என்ரை கையிலையெல்லே இருக்கு.”

அப்போதுதான் விளங்கிற்று. என் தாயார் தம் மாதிரிகளைத் தையற்கோட்டின் அளவுக்கே வெட்டுபவர். துணியில் வைத்தபின், தாளைச் சுற்றி ஒன்றரை விரல் அகலம் கூட்டி வெட்டுவார். அதை எங்கும் எழுதிவைத்ததில்லை. நாற்பது ஆண்டு பழகிய கைக்கு எழுத்து எதற்கு? அச்சு மாதிரியோ ஓரத்தையும் உள்ளடக்கியது. பக்கத் தையல் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் இரு விளிம்பு. ஆக விளிம்பு நான்கு. நான்குக்கும் ஒன்றரை வீதம் ஆறு. தோளில் ஒன்றரையும் இடுப்பில் ஒன்றரையுமாக உயரத்திலும் மூன்று போயிற்று. இரண்டு எண்களைக் கூட்டுமுன் அவை ஒரே அலகில் உள்ளனவா என்று பாருங்கள் எனத் தினந்தோறும் மாணவிகளுக்குச் சொல்லுகிற நான், என் மேசையில் அதைப் பார்க்கவில்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் உள்ள வேறுபாடு அன்று. 1863இல் அமெரிக்கத் தையற்காரர் எபனேசர் பட்டரிக் பல அளவுகளில் மாதிரிக் கடதாசிகளை விற்கத் தொடங்கினார். அவர் பெயரால் வழங்கிய அச்சு மாதிரிகள் போன்ற அமெரிக்க மாதிரிகளில், அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை சென்ரிமீற்றர், தையலோரம் சேர்ந்திருப்பது வழக்கம். ஜெர்மனியில் ஏன்னி பூர்டா என்னும் பெண்மணி 1950இல் தொடங்கிய தையற் சஞ்சிகையின் மாதிரிகளிலோ ஓரம் இராது. வெட்டுபவரே கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் நல்ல முறைகளே. ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது என்பதே இடர்.

இன்னுமொன்று. பாவாடைப்பகுதியில் சுருக்குக்குப் பதிலாக அளவான மடிப்புகள் இருந்திருந்தால், இணைக்கும்போதே இரண்டு அளவும் ஒவ்வாமல் என் பிழை வெளிப்பட்டிருக்கும். சுருக்கு அப்படியன்று. 74 என்றாலும் இசையும். 68 என்றாலும் இசையும். இசைந்து இசைந்தே பிழையை மறைத்துவிட்டது. இதை நினைத்தபோது, இரண்டு ஆண்டுகளாகத் தாயாருக்கும் மகளுக்கும் நடுவில் நான் இருந்த இருப்பு என் நினைவுக்கு வந்தது. எவருக்கும் மறுத்துப் பேசாமல் இரு பக்கமும் இசைந்து போனேன். சமாதானமாகத்தான் தோன்றியது. உள்ளே பொருந்தாமை அப்படியே இருந்தது.

சட்டையின் கதி என்னவென்று கேட்பீர்கள். ஓரங்களை நறுக்கிவிட்டபடியால் தையலைப் பிரித்து விரிக்க வழியில்லை. துணியும் மிச்சமில்லை. தாயார் றங்குப்பெட்டியைத் திறந்து, முன்பு எதற்கோ வாங்கி எஞ்சிய நீலப் பருத்தித் துணியொன்றை எடுத்தார். அக்குளிலிருந்து இடுப்புவரை பக்கத்துக்கு ஒரு துண்டு. மேற்பகுதிக்கும் பாவாடைக்கும் இடையே ஒரு பட்டி. ஒவ்வொன்றும் ஆறு சென்ரிமீற்றர் அகலமாக வெட்டினால், இரு கரையிலும் ஒன்றரை தையலுக்குப் போக மூன்று மிஞ்சும். பக்கத் துண்டு இரண்டும் இடுப்புக்கு ஆறைத் திருப்பித் தந்தன; பட்டி உயரத்துக்கு மூன்றைத் தந்தது. பாவாடையின் சுருக்கைத் தளர்த்தி 74க்குக் கொண்டுவந்தோம். கழுத்தை உள்ளே மடிக்காமல், அதே நீலத் துணியில் சரிவாக வெட்டிய நாடாவால் விளிம்பு கட்டினோம். மெசினின் உறை கழன்றது. நூல் கோத்தவள் மகள்; சக்கரம் ஓட்டியவர் என் தாயார்; குண்டூசி எடுத்துக் கொடுத்தவள் நான்.

கழுத்தை எவ்வளவு இறக்கலாம் என்பதில் இருவருக்கும் வாதம் மூண்டது. இம்முறை நான் இசைந்து போகவில்லை. “தீபாவளிச் சட்டையை ஏன் போடவில்லை என்று அம்மம்மாவிடம் நேரே சொல்லு” என்றேன். மகள் சிறிது தயங்கிச் சொன்னாள். தாயார் முகம் வாடிற்று. வாடாமல் இருந்தது என்று எழுதினால் அது பொய். பின்னர், “முதலே சொல்லியிருந்தால் அன்றைக்கே வெட்டியிருப்பன்” என்றார். அந்தச் சட்டையும் அலுமாரியிலிருந்து மேசைக்கு வந்தது.

பேராதனைக்குப் புறப்பட முதல்நாள், மகள் அந்தப் பத்திரிகைத் தாள் மாதிரியை விரித்து வைத்து, பென்சிலோடு இருந்தாள். “அம்மம்மா, நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதிறன்” என்றாள். தாயார் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: தையலோரம் சேர்க்கவில்லை, சுற்றி ஒன்றரை விரல் கூட்டுக. கை வைக்குமிடத்தில் முன்பக்கம் சற்றுக் குடைந்து வெட்டுக. துணியை வெட்டுமுன் ஒருமுறை நனைத்து உலர்த்துக. இவ்வாறு அந்தத் தாளின் விளிம்பு நிறைந்துவிட்டது.

வீட்டிலே முதியோர் தையலிலாயினும் சமையலிலாயினும் கைப்பழக்கத்தால் ஆற்றுகின்றவை பல. அவர்கள் தரும் மாதிரியில் பாதி தாளில் இருக்கும். மீதி கையில் இருக்கும். தாளை எடுத்துக்கொள்ளும் மாணவிகள் மீதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்பதற்கு நாணினால் என்ன நேருமென்பதை, இருந்தவுடன் தெறித்த அந்த இரண்டு குண்டூசிகள் எனக்குச் சொல்லின.