திமிரியா, பாரியா?

காப்பாரில் நாகசுரம் பயிலும் இளைஞன் ஒருவன். பாட்டனாரிடம் திமிரியில் தொடங்கியவன். தேர் முன்னும் திருமண வீட்டு வாசலிலும் அதனையே ஊதி வந்தவன். சேர்த்த பணம் ஒரு கருவிக்கே போதும். புதிய திமிரி வாங்குவதா, பாரி வாங்குவதா என்பதே அவனை உறங்கவிடாத வினா.

மேலைநாட்டு ஓபோவும் நம் நாகசுரமும் இரட்டை நாக்குக் கருவிகளே. எனினும் ஓபோவில் உலோக விசைகள் உண்டு. நாகசுரத்தில் ஏழு விரல்துளைகளையும் மூச்சையும் உதட்டையும் விட்டால் வேறு துணையில்லை. ஆளுக்குப் பொருந்தாத கருவி அவனை அக்கணமே காட்டிக்கொடுத்துவிடும்.

திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. திருவிழா இரைச்சலைக் கிழித்துக்கொண்டு தொலைவு செல்வது. பாரி நீண்டது, சுருதி தாழ்ந்தது, ஆலாபனைக்கு உகந்தது. திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) திமிரியை விட்டுப் பாரியைக் கைக்கொண்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்திமம் பிசகின்றி ஒலிக்குமாறு அதனைச் செம்மை செய்து தந்தார். அவ்வூரில் பழைய வீடுகளில் பல்லாண்டு காய்ந்த ஆச்சா மரத்தையே தேடிக் கடைவர். பச்சை மரம் பிளந்துவிடும். 2022இல் அவ்வூர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைவோர் கை குறைந்துவந்த காலத்தில் வந்த சிறப்பு அது!

பிள்ளையவர்களின் தோடி இசைத்தட்டே இளைஞனுக்கு ஆசையை மூட்டியது. கிள்ளானில் மூத்த வித்துவான் ஒருவர் தம் பாரியை அவனிடம் நீட்டினார். துளைகள் அகன்றிருந்தன, கடைசித் துளையைச் சுண்டுவிரல் முழுதும் மூடவில்லை, காற்று கசிந்தது. சிறிது நேரத்தில் மூச்சும் தளர்ந்தது.

“தம்பி, தோடி அவருடையது. உமக்கு எந்த ஒலி வேண்டும்?” என்றார் பெரியவர்.

அவன் விடை சொல்லவில்லை. மீண்டும் எடுத்துக் கீழ்ச் சட்சமத்தை மட்டும் மெல்ல ஊதினான். அந்த ஒலி தெருவை நோக்கி ஓடவில்லை; அறையிலேயே தங்கியது. திமிரியில் அவன் ஒருநாளும் இவ்வளவு மெதுவாக வாசித்ததில்லை. தேர் முன் இனித் தன் ஒலி எட்டாமல் போகலாம் என்பதை அறிந்தே பாரிக்குப் பணம் கட்டினான்.

செய்தி கேட்ட பாட்டனார் சினக்கவில்லை. தம் திமிரியில் தொங்கிய சீவாளிக் கொத்திலிருந்து நன்கு பழகிய ஒன்றை அவிழ்த்தார். ஒளியில் பிடித்துப் பார்த்தார்.

“பாரிக்கு இது சேராதப்பா, சிறியது” என்று சொல்லி, மறுபடியும் நூலில் கட்டிவைத்தார்.