முகம் தெரிந்தால் போதும்

1928ல் மான் ரே ‘நட்சத்திர மீன்’ என்று ஒரு படம் எடுத்தார். அதில் பல காட்சிகளை ஜெலட்டின் பூசிய கண்ணாடி வழியாக எடுத்திருப்பார். முகங்கள் கலங்கிக் கரைந்து ஓடும். சர்ரியலிஸ்டுகள் கொண்டாடிய படம். அதே மனிதர் 1937 கோடையில் தெற்கு பிரான்சின் லா கரூப் கடற்கரையில் எடுத்த படத்தில் இந்த வித்தை எதுவும் இல்லை. கலர் படம். ஒலி இல்லை, கதையும் இல்லை. விடுமுறைக்கு வந்த நண்பர்கள், வெயில், கடல். முகம் தெரிந்தால் போதும் என்று எடுத்த மாதிரி இருக்கும். எனக்கு இதுதான் பெரிய படம்.

அந்த நண்பர்களில் ஒருவர் பிக்காசோ. ‘குவேர்னிகா’வை முடித்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கவிஞர் பால் எலுவாரும் அவர் மனைவி நுஷும் இருக்கிறார்கள். மான் ரேயின் காதலி ஃபிடெலின், குவாதலூப் தீவில் பிறந்த நடனக்காரி, அவரும் இருக்கிறார். 1940ல் ஜெர்மனி பிரான்சைப் பிடித்ததும் யூதரான மான் ரே அமெரிக்கா போனார். ஃபிடெலின் பாரிசிலேயே தங்கிவிட்டார். அதோடு முடிந்தது. நுஷ் 1946ல் திடீரென்று இறந்தார். படத்தில் இது யாருக்கும் தெரியாது. வெயில் அடிக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் பார்த்த வாரம், கரையான்சாவடி வீட்டில் எங்கள் பழைய வீடியோ கேசட் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேர டேப் ஒரு மணி நேரம்தான் ஓடும். எந்த கோட் எழுதியும் அதை அவசரப்படுத்த முடியாது. 1994, மகாபலிபுரம் ட்ரிப். கேமரா துபாய் மாமாவுடையது. டேப்பில் பூஞ்சை. மான் ரே மெனக்கெட்டுச் செய்த கலங்கலை அது இலவசமாகச் செய்து கொடுத்திருந்தது.

மாமா பாதி டேப்புக்கு அர்ஜுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் எடுத்து வைத்திருக்கிறார். கல் இன்னும் அங்கேதான் இருக்கு மாமா, எங்கேயும் போகலை. சித்திதான் போய்விட்டாள், 2003ல். அவள் வருவது நாலே செகண்ட். வேன் நிழலில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலம் பிரிக்கிறாள். கேமராவைப் பார்த்ததும் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொள்கிறாள். “அண்ணா, அங்க எடுங்க, என்னைப் போயி…” அதற்குள் மாமா மறுபடி கோபுரத்துக்குத் திரும்பிவிடுகிறார்.

சித்தி அசைந்து பேசுகிற படம் எங்களிடம் வேறு இல்லை. அந்த நாலு செகண்டைத் தனியாக வெட்டி அம்மா போனுக்கு அனுப்பினேன். பூஞ்சைக் கோடுகளைக் கொஞ்சம் சுத்தம் செய்து தரட்டுமா என்று கேட்டேன்.

“அது கெடக்கட்டும்டா. சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக் குடு.”