கடலுக்கு அடியில் கட்டை விரலை உயர்த்தாதீங்க!

கடலுக்குள் இறங்கி, கலர் கலரான மீன்களைப் பார்த்த குஷியில் பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளரிடம் 'சூப்பர்' என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினால் என்ன ஆகும்? அவர் உங்களை மேலே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்! ஸ்கூபா டைவிங்கில் அந்தச் சைகைக்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். 'நல்லா இருக்கேன்' என்று சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் இறங்குபவர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் இதுதான். 2018-ல் இந்தத் தீவுக்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் பலர் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். இங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள். அதனால் ஊர்ப் பெயர்கள் எல்லாம் கோவிந்த் நகர், கிருஷ்ணா நகர், ஷ்யாம் நகர், ராதா நகர் என்று பஜனை மடம் மாதிரியே இருக்கும்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டே கால் மணி நேரத்தில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்). அங்கிருந்து கப்பலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஹேவ்லாக். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும்.

நீச்சல் தெரியாதே என்று தயங்க வேண்டாம். முதன்முறை ஸ்கூபா போகிறவர்களுக்கு நீச்சல் கட்டாயமில்லை. பயிற்சியாளர் சிலிண்டரைப் பின்னால் பிடித்தபடியே வருவார். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம்தான். குறைந்தது 10 வயது ஆகியிருக்க வேண்டும். கீழே போகப் போகக் காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் சரியாகும். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்குவதுதான் ஆபத்து. இறங்குவதற்கு முன் உடல்நிலை பற்றி ஒரு படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய் இருப்பதை 'சொன்னா விட மாட்டாங்க' என்று மறைப்பவர்கள் உண்டு. அந்தப் படிவத்தில் மட்டும் பொய் வேண்டாம்.

பலரும் கோட்டை விடுவது பயணத் திட்டத்தில்தான். 'கடைசி நாள் ஜாலியா டைவிங், மறுநாள் காலையில ஃப்ளைட்' என்று போட்டுவிடுகிறார்கள். ஆழத்தில் மூச்சு விடும்போது உடலில் நைட்ரஜன் கூடுதலாகக் கரைந்திருக்கும். அது வெளியேறும் முன்பே விமானத்தில் உயரப் பறந்தால் குமிழிகளாகி, மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய்விடக்கூடும். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தாலும் 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள் என்று சொல்பவர்களே அதிகம். ஆகவே டைவிங்கை முதலில் வையுங்கள். கரையில் காலாட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஆழம் வேண்டாம் என்பவர்களுக்கு எலிஃபென்ட் பீச். படகில் போகலாம், காட்டு வழியாக நடந்தும் போகலாம். முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு, மிதவையைப் பிடித்தபடி குப்புற மிதந்தால் போதும், பவளப்பாறை தெரியும். தண்ணீரில் இறங்க மனமில்லாத தாத்தா பாட்டிக்குக் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது. ஒரே ஒரு விஷயம்: களைத்துப்போய்ப் பாறை என்று நினைத்துப் பவளத்தின் மேல் நின்றுவிடாதீர்கள். அது உயிருள்ளது, பல வகைகள் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். 2010-ல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்துப் போயின. மிஞ்சியிருப்பதும் நம் காலடியில் நொறுங்க வேண்டுமா?

இந்தத் தீவில் ராஜன் என்று ஒரு யானை இருந்தது. மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டு, அந்த வேலை நின்ற பிறகு கடலில் நீந்தியே உலகப் புகழ் பெற்றது. 2016-ல் இறந்துபோனது. அதன் படங்களைப் பார்க்காமல் ஊர் திரும்புபவர்கள் குறைவு.

சாயங்காலம் ராதாநகர் கடற்கரை. 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று பாராட்டியது இதைத்தான். சென்னை நினைப்பில் ஆறரை மணிக்குப் போனால் இருட்டைத்தான் பார்க்கலாம். இங்கே ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். குளிக்கும்போது எச்சரிக்கைப் பலகைகளை மதியுங்கள். 2010-ல் இந்தப் பக்கம் ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலை தாக்கி உயிரிழந்தார். உப்புநீர் முதலைக்குச் சதுப்புநிலக் காடும் கழிமுகமும் வீடு மாதிரி. குளிக்கலாம் என்று குறித்த இடத்தைத் தாண்டாதிருப்பதே நல்லது.

நிலவில்லாத இரவில் தங்க நேர்ந்தால், வழிகாட்டியோடு கயாக் படகில் போய்ப் பாருங்கள். துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மின்னும். 2019-ல் சென்னைக் கடற்கரையில் அலைகள் ஒளிர்ந்தபோது ஊரே திரண்டு ஓடியதே, கிட்டத்தட்ட அதே விஷயம்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அசைவு பட்டால் ஒளி விடுகின்றன. செல்போன் கேமராவில் சரியாக விழாது. அதை உள்ளே வைத்துவிட்டுப் பாருங்கள்.

கிளம்பும் முன் இன்னொரு வேலை பாக்கி. செத்த பவளத் துண்டாக இருந்தாலும் இங்கிருந்து கொண்டுபோக அனுமதியில்லை. சட்டப் பாதுகாப்புள்ள கிளிஞ்சல்களும் உண்டு. விமான நிலைய ஸ்கேனரில் மாட்டினால் பிடுங்கிவிடுவார்கள். குழந்தைகளின் பையை அறையிலேயே ஒரு முறை கொட்டிப் பார்த்துவிடுங்கள்.