உம்மு ஹராம் (ரழி) உறங்கும் தீவு

மத்தியதரைக் கடலில் ஒரு தீவுக்கு விடுமுறை போவதென்றால் உங்கள் கண்முன் என்ன வருகிறது? நீலக் கடல், வெண்மணல், அரைகுறை ஆடையில் வெயில் காயும் வெள்ளைக்காரர்கள். "அங்கே நமக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பீர்கள். ஆனால் அந்தக் கடலில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, துஆக் கேட்டு வாங்கிப் போன ஒரு பெண்மணி நம் வரலாற்றில் இருக்கிறார்கள். போன இடம் சைப்பிரஸ். அரபு நூல்களில் அதன் பெயர் குப்ருஸ்.

மதீனத்து அன்ஸாரிப் பெண்மணியான உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரழி) அவர்கள், அனஸ் (ரழி) அவர்களின் தாயாருக்குச் சகோதரி. ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் இவர்களது வீட்டில் கண்ணயர்ந்து, சிரித்தவாறே விழித்தார்கள். தம் உம்மத்தில் ஒரு கூட்டத்தார் அரசர்களைப் போலக் கடல்மேல் பயணம் செய்வதைக் கனவில் கண்டதாகச் சொன்னார்கள். அக்கூட்டத்தில் என்னையும் சேர்க்க துஆச் செய்யுங்கள் என்று உம்மு ஹராம் (ரழி) கேட்டார்கள்; துஆவும் கிடைத்தது. பாலைவன நாட்டுப் பெண் கடல் பயணம் கேட்டதை நினைத்துப் பாருங்கள்! உஸ்மான் (ரழி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 28 அளவில், முஆவியா (ரழி) தலைமையில் கப்பல்கள் புறப்பட்டபோது, கணவர் உபாதா இப்னு ஸாமித் (ரழி) அவர்களோடு இவர்களும் ஏறினார்கள். போன காரியம் முடிந்து திரும்பும் வேளையில் வாகனப் பிராணியிலிருந்து விழுந்து வபாத்தானார்கள்.

அவர்களுடையது என்று முஸ்லிம்கள் நெடுங்காலமாக மதித்துவரும் கப்ர், லார்னக்கா நகருக்கு வெளியே உப்பு ஏரிக்கரையில் உள்ளது. ஹாலா சுல்தான் தெக்கே என்பது அவ்விடத்தின் பெயர். லார்னக்கா விமான நிலையமும் அதே ஏரியின் பக்கந்தான். ஆகவே, விமானத்திலிருந்து இறங்கியதும் முதலில் அங்கேயே போய்விடுங்கள். ஈச்ச மரங்களுக்கு நடுவே ஒற்றை மினாராவுடன் சிறிய பள்ளிவாசல். அதன் பின்புறத்தில் பச்சைத் துணி போர்த்திய கப்ர். அதன்மேல் மூன்று பெருங்கற்கள், இரண்டு நின்றபடியும் ஒன்று அவற்றின் மேலே கிடந்தபடியும் இருக்கின்றன. மாரி காலத்தில் போனால் ஏரி நிறையச் செந்நாரைகள். கோடையில் தண்ணீர் வற்றி, தரையெல்லாம் உப்புப் பாளம் வெள்ளை வெளேரென்று கிடக்கும். எந்தக் காலத்தில் போனாலும் பூனைகள் இருக்கும். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

இனிக் கடற்கரைகள். லார்னக்காவின் பினிக்கூதெஸ் கரை ஈச்ச மரவரிசையோடு நகரின் நடுவிலேயே இருக்கிறது. ஆழமில்லாத கடல், சிறு பிள்ளைகளோடு போவோருக்கு நல்லது. கரையின் கோடியில் பழைய கோட்டை, அதன் எதிரே பெரிய பள்ளிவாசல். கடலில் கால் நனைத்துவிட்டு அஸருக்கு அங்கேயே போகலாம். கிழக்கே ஐயா நாப்பாவிலுள்ள நிஸ்ஸிக் கரைதான் படங்களில் நாம் பார்ப்பது: பளிங்குத் தண்ணீர், நடந்தே போகக்கூடிய ஒரு குட்டித் தீவு. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே கூத்தும் கும்மாளமும் தாங்காது. நமக்கு ஒத்துவராது. மே மாதத்திலோ ஒக்டோபரிலோ, ஸுப்ஹு தொழுத கையோடு போய்விடுங்கள். கரை உங்களுக்கே உரியது. மேற்கே லாரா குடாவில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. 1978 முதல் அங்கே ஆமைப் பாதுகாப்பு வேலை நடக்கிறது. பாதை கரடுமுரடு, குடை நாட்டவும் அனுமதியில்லை. அதனாலேயே அது அழகாக இருக்கிறது.

பாபோஸ் நகரில், 1962 இல் ஒரு விவசாயி நிலத்தை உழும்போது வெளிப்பட்ட ரோமர் காலத்து வண்ணக்கல் தரைகள் உள்ளன. ஒரு மணி நேரம் போதும். லெப்கரா என்ற மலைக்கிராமத்துக்கு அதைவிட அதிக நேரம் கொடுங்கள். லினன் துணியில் ஊசியால் நூல் பிரித்துச் செய்யும் வேலைப்பாடு அது. விலை கூடத்தான், செய்யும் கைகளைப் பார்த்தால் பேரம் பேச மனம் வராது.

தலைநகர் நிக்கோசியாவை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு கோடு போகிறது. 1974 முதல் தெற்கில் கிரேக்கரும் வடக்கில் துருக்கியருமாகத் தீவு பிரிந்து கிடக்கிறது. 2003 இல் கடவைகள் திறக்கத் தொடங்கின. 2008 இல் கடைவீதியான லெட்ரா தெருவும் திறந்தது. கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு நடந்தால் வாங்கொலி கேட்கும் பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள். 1572 இல் கட்டிய பெரிய சத்திரமான பூயுக் ஹான் அங்கேதான் உள்ளது. அருகிலே ஸெலிமிய்யாப் பள்ளிவாசல். அதன் கூரான வளைவுகளைப் பார்த்தவுடனே தெரியும், அது தேவாலயமாகக் கட்டப்பட்டது. 1570 இல் உஸ்மானியர் பள்ளிவாசலாக்கினர். அங்கே ஸஜ்தாச் செய்யும்போது, அந்தத் தூண்களை எழுப்பியவர்கள் வேறு மார்க்கத்தார் என்ற நினைப்பு எனக்கு வராமலில்லை.

வடக்கிலுள்ள பமகுஸ்தாவில் வரோஷா என்ற கரை. தீவின் மிக அழகான மணல் என்பேன். 1974 ஆகஸ்டில் கிரேக்கக் குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள், முள்வேலி விழுந்தது. 2020 ஒக்டோபரில் ஒரு பகுதியைப் பார்வையாளருக்குத் திறந்தார்கள். மாடிவீடுகளின் ஜன்னல்கள் இன்னும் வெறிச்சென்று கிடக்க, கீழே ஆட்கள் குளிக்கிறார்கள். வீடு இழந்தவர் கிரேக்கரா துருக்கியரா என்று கேட்க மனம் வரவில்லை. தெற்கிலிருந்து விரட்டப்பட்ட துருக்கிய உம்மாக்களும் உண்டல்லவா?

சாப்பாட்டில் கவனம் வேண்டும். தெற்கில் இறைச்சி ஹலாலா என்று கேட்டே வாங்குங்கள். மீன், ஒலிவ், பயறு வகைகள் தாராளம். ஆட்டுப் பாலில் செய்து சுட்டுத் தரும் ஹலூமி என்ற பாற்கட்டியை, எதனால் உறைய வைத்தார்கள் என்று விசாரித்துவிட்டுச் சாப்பிடுங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள். விஸாவை இங்கிருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை நிக்கோசியாவுக்கு ஒதுக்குங்கள். அங்குள்ள பூங்காக்களில் அன்று நம் நாட்டுப் பெண்களைக் காண்பீர்கள்: பணிப்பெண்களாகப் போய், வாரத்தில் அந்த ஒரு நாள் ஓய்வு பெறுபவர்கள். தேயிலைப் பைக்கற்றுகள் சிலவற்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். "எந்த ஊர்?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். அந்தக் கடலைத் தாண்டிப் போனவர்கள்தாம் அவர்களும்.