அண்ணாமலையில் பாதி தூரம்

திருவண்ணாமலைக்கு வரும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் மலையைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். 14 கிலோமீட்டர் நடந்தவர்களைக் குறை சொல்ல நாம் யார்? ஆயினும் சிறிது மேலே ஏறிப் பார்த்தால்தான் இம்மலையின் சுபாவம் விளங்கும். 2,600 அடிக்கு மேற்பட்ட சிகரத்துக்குச் செல்ல வனத்துறையார் பொதுவாக அனுமதிப்பதில்லை. நமக்கும் நமது முழங்கால்களுக்கும் அதில் வருத்தமில்லை. ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து ஸ்கந்தாசிரமம் செல்லும் பாதையே போதும்.

கல் பதித்த பாதை, இருபுறமும் மரங்கள். இடையிடையே மாக்கல்லில் உருவங்கள் செதுக்குவோர் கடை விரித்திருக்கின்றனர். குரங்குகளோ, வாழைப்பழம் வைத்திருப்பவர்களிடம் உடனே உறவு கொண்டாடத் தொடங்கிவிடும். ஒரு திருப்பத்தில் மரங்கள் விலக, கீழே கோயில் முழுவதும் வரைபடம்போல் விரிகிறது. 217 அடி உயரமுள்ள ராஜகோபுரம் இங்கிருந்து விளையாட்டுச் சாமான்போல் தோன்றுவதைக் கண்டு குழந்தைகள் கைகொட்டுவார்கள்.

இம்மலையின் கதை பெரும்பாலும் தண்ணீரின் கதைதான். ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை வாழ்ந்த விரூபாக்ஷ குகையில் கோடைக்குத் தண்ணீர் கிடையாது. அம்மாதங்களில் வேறு குகைக்குப் போய்விடுவார். அதற்கு மேலே சுனை இருந்த இடத்தில் எழுந்ததே ஸ்கந்தாசிரமம். 1922 வரை அங்கேதான் வாசம்.

பின்னாளில் விறகு வெட்டும், ஆடுமாடுகளின் மேய்ச்சலும், கோடைதோறும் காய்ந்த புல்லில் பற்றும் தீயும் சேர்ந்து மலையை மொட்டையாக்கின. மண் பிடிப்பின்றி மழையோடு போயிற்று. 1980-களின் இறுதியிலிருந்து அன்பர்கள் பலர் கன்றுகள் நட்டும், தீ பரவாதிருக்கப் புல்லை அகற்றி இடைவெளி அமைத்தும் பாடுபட்டு வருகின்றனர். இன்று நாம் நடக்கும் நிழலில் பெரும்பகுதி அவர்கள் தந்ததே.

ஆனால் மரங்கள் மட்டும் எவ்வளவைத்தான் தாங்கும்? 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, பெஞ்சல் புயலின் பெருமழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரின்மேல் மண்ணும் பாறையும் சரிந்தன. ஒரு வீடு புதையுண்டு, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். மலைச்சரிவை ஒட்டி வீடுகள் நெருங்கி நிற்பதை இப்பாதையிலிருந்து காணும்போது, இயற்கையின்மேல் மட்டும் பழி போட நமக்கு மனம் வரவில்லை.

அவ்வருஷம் கார்த்திகைத் தீபத்துக்கு மலையேறப் பக்தர்களை அனுமதிக்கவில்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமப்பவர்கள் மாத்திரம் மேலே சென்றனர். டிசம்பர் 13-ஆம் தேதி மாலை தீபம் எரிந்தது. ஜனங்கள் கீழே நின்று தரிசித்தார்கள்.